காமன் கூத்துக் கசெட்டை லெப்டொப்பில் ஏற்றுவது எப்படி?

அலுமாரியில் கிடக்கும் கசெட்டில் மலையகத் தோட்டத்துக் காமன் கூத்தோ, மத்திய கிழக்கிலிருந்து வந்த குரல் கடிதமோ இருந்தால் ஒரு மாலை ஒதுக்குங்கள். பிரதியின் தரத்தை லெப்டொப் தீர்மானிப்பதில்லை. கசெட் பிளேயர் எவ்வளவு சுத்தம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

தேவையானவை: கசெட் பிளேயர், பஞ்சுக் குச்சிகள், 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொபைல் அல்கஹோல், சிறிய நட்சத்திர ஸ்குரூ டிரைவர், இரு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ வயர், ஸ்டீரியோ லைன்-இன் (வெளி ஒலியை உள்வாங்கும் துளை) உள்ள யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட், இலவச மென்பொருளான ஒடாசிட்டி.

1. பூஞ்சணம் இருக்கிறதா?

கசெட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சணம். நம் மலையகக் குளிருக்கும் மூடுபனிக்கும் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படியே போட்டால் தூள், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் தாவும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வைத்து, பிறகு முகக்கவசம் போட்டு, வெளியே வைத்துத் துடையுங்கள். அடுப்படியில் மட்டும் காயவைக்க வேண்டாம். சூட்டில் கசெட் கூடு நெளியும், விறகுப் புகையின் கரி நாடாவில் படியும். ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். பதுளை, பண்டாரவளையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

2. பிளேயரைத் துடைத்தல்

கரண்டைக் கழற்றிவிடுங்கள். ஹெட்டையும், பக்கத்தில் நிற்கும் மெல்லிய இரும்புத் தண்டையும் அல்கஹோல் தொட்ட குச்சியால், குச்சியில் பழுப்பு ஏறுவது நிற்கும் வரை துடையுங்கள். தண்டில் அழுக்கு இருந்தால் நாடா அதைச் சுற்றிக்கொண்டு சிக்கும். ரப்பர் உருளைக்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும், அல்கஹோல் ரப்பரை வரட்டிவிடும். பார்மசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கலாம், தவிருங்கள்.

மோட்டார் உறுமியும் சக்கரம் சுற்றவில்லையா? பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தாராக உருகியிருக்கும். பழையதை இழுக்காமல் உள்விட்டம் அளந்து, சுமார் 5 சதவீதம் சிறியதாக வாங்குங்கள். அதைவிட இறுக்கமானால் மோட்டார் திணறி, பாட்டு ஆடும்.

3. ஹெட்டின் சாய்வு

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இதுதான். வேறு ரெக்கோடரில் பதிந்த கசெட் உங்கள் பிளேயரில் போர்வைக்குள் பாடுவதுபோல் கேட்கும். ஹெட்டின் இரு ஸ்குரூக்களில் ஸ்பிரிங் உள்ளதை, கசெட் ஓடும்போதே, கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்புங்கள். ஜால்ரா சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். திருப்பத் தொடங்கும் முன்பே பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பதிவு

கசெட்டின் மேல் விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக அழியாது. முழு நாடாவையும் ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரியும்.

ஹெட்போன் துளையிலிருந்து லைன்-இன்னுக்கு வயர் கொடுங்கள். லெப்டொப்பின் மைக் துளை வேண்டாம்: பெரும்பாலும் மோனோ, வரும் ஒலியைப் பெருக்கிக் கரகரக்க வைக்கும். ஒடாசிட்டியில் 44100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. ஒலி அளவை வசனம் பேசும் இடத்தில் வைக்காதீர்கள். தப்பு மேளம் பலமாக விழும் இடத்தைத் தேடி, அங்கே அளவுக் கோடு −6 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

சி-60 கசெட்டுக்கு ஒரு பக்கம் 30 நிமிடம், அவசரப்படுத்த வழியில்லை. 16 பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்கு சுமார் 10 எம்.பி. பிடிக்கும். இரைச்சல் நீக்கும் வசதி தப்பின் அதிர்வையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆகவே கை வைக்காத மூலப் பிரதி ஒன்றை ஃபிளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்புக்கு எம்பி3 எடுங்கள்.

கசெட்டை எறியாதீர்கள். ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். பிளேயரை மாதம் அரை மணி நேரம் ஓட்டுங்கள், மற்ற நாட்களில் அதன் பேட்டரிகள் வெளியே இருக்கட்டும்.