கீசர் ஒழுகினால் முதலில் என்ன செய்வது?

கீசருக்குக் கீழே தரை ஈரமாக இருந்தால் முதல் வேலை, அதன் எம்சிபியை, அதாவது மின்பலகையில் அதற்கான பாதுகாப்பு சுவிட்சை, இறக்குவது; ஈரக்கையோடு எதையும் தொடாதீர்கள். அப்புறம் தண்ணீர் உள்ளே போகும் வால்வை மூடுங்கள்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மின்சாரம் இல்லாமலே வால்வை மட்டும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பத்து நிமிடம் பாருங்கள், எது நனைகிறதோ அதுதான் ஆள். குழாய் இணைப்பு என்றால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்றிவிட்டு அளவோடு முறுக்குங்கள், வேகத்தில் முறுக்கினால் மரை போய்விடும்.

சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்வில் சொட்டினால் பயம் வேண்டாம். 25 லிட்டர் நீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 0.4 லிட்டர் கூடும், அது எங்காவது போகத்தானே வேண்டும்! எரிச்சலில் அதை அடைத்துவிடாதீர்கள், டேங்க் வெடிக்கும் அபாயம் உண்டு. ஆறிய பிறகும் நிற்காமல் ஒழுகினால்தான் வால்வில் கோளாறு, அல்லது நீரழுத்தம் அதிகம்.

வெளிக்கூட்டின் அடியிலிருந்து துருநிறத்தில் நீர் வந்தால் உள்டேங்க் அரித்திருக்கலாம். ஹீட்டர் காயிலின் கேஸ்கெட்டாகவும் (கசிவைத் தடுக்கும் வளையம்) இருக்கலாம், மெக்கானிக் கழற்றிப் பார்க்கட்டும். டேங்க்தான் ஓட்டை என்றால் ஒட்டுப் போடுவது வீண், புதிது வாங்கிவிடுங்கள்.