அருங்காட்சியகக் குழுவில் தலைவர் மாறும்போது

சேலம், ஏற்காடு பக்கம் தன்னார்வலர்கள் நடத்தும் சிறு அருங்காட்சியகத்தில் தலைவர் மாறினால், சாவியை வாங்குவதற்கு முன் பொருள் பதிவேட்டைச் சரிபாருங்கள். பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, எண் பார்த்து, இருவருமே கையெழுத்துப் போட வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் தருவது வாய்வார்த்தையில் வாங்கிய பொருள்தான். "தாத்தா காலத்துக் காபிக்கொட்டை மிஷின், வெச்சுக்குங்க" என்று தந்திருப்பார்கள். பேரன் திருப்பிக் கேட்கும்போது அது நன்கொடையா இரவலா என்று சொல்ல ஆள் இருக்காது. கொடுப்பவர் கையெழுத்தோடு இரண்டு பிரதி எழுதி வாங்குங்கள்; இரவல் என்றால் எத்தனை ஆண்டு என்பதும் அதில் வேண்டும்.

எண் அட்டையைப் பருத்தி நாடாவில் கட்டுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், ஏற்காட்டு ஈரத்தில் பசை கசிந்து கறையாகிவிடும்.

சங்கமாகப் பதிவு செய்திருந்தால், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகிகள் மாற்றத்தை படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றுவதும் இழுத்துக்கொண்டே போகும்.