வாட்டர் கூலிங் போடும்போது கசிவை மட்டும் பார்த்தால் போதாது

கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் சுற்றவிட்டுத் தணிக்கும் வாட்டர் கூலிங்கைச் சொந்தமாகப் போட நினைக்கிறவர்கள் பயப்படுவதெல்லாம் கசிவுக்குத்தான். கசிவாவது பெரும்பாலும் முதல் நாளே கண்ணில் பட்டுவிடும். மாதக்கணக்கில் ஓடிய பிறகு பிளாக்கை (சிப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகத் துண்டு) கழற்றும்போது வெளிவருகிற சேதம் வேறு, அதற்கான தவறு பொருள் வாங்கும்போதே நடந்திருக்கும்.

முக்கியமானது உலோகம். பிராசஸர் மேல் உட்காரும் பிளாக் பொதுவாகச் செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்பு. விலை குறைவாக இருக்கிறதே என்று தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரை அலுமினியத்தில் வாங்கி அதோடு சேர்த்தால், நடுவில் ஓடும் தண்ணீரால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரியாகவே ஆகிவிடும். அலுமினியம் அரிக்கும், அந்தக் கசடு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் போய் அடைக்கும். அரிப்பைத் தடுக்கும் கூலன்ட் (சுற்றில் ஓடவிடும் திரவம்) இதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பெரும்பாலான ரேடியேட்டர்கள் கறுப்பு பெயின்டில்தான் வருகின்றன, அதனால் படத்தைப் பார்த்து நம்பாமல் உள்ளே இருப்பது அலுமினியமா, இல்லை செம்போ பித்தளையோவா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீர் கூடாது என்பது தெரிந்ததே, ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் சரி, ஆனால் அதை மட்டும் ஊற்றினால் பாசி பிடிக்கும், பாசிக்கும் அரிப்புக்கும் மருந்து கலந்தாக வேண்டும். பால் மாதிரி கலங்கலான கலர் கூலன்ட் போட்டோவுக்கு அழகு. நாளாக நாளாக அடியில் படிந்து அடைப்பது அதுதான்.

குழாயை இணைக்கும் ஃபிட்டிங்கை ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். தண்ணீரை நிறுத்துவது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கை இறுக்கமே போதும், அதற்கு மேல் போனால் அக்ரிலிக் பிளாஸ்டிக் பாகம் விரிசல் விடும். முதல் தடவை ஓட்டும்போது மதர்போர்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கரண்ட் போகக்கூடாது. மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஆன் செய்யும் ஜம்பரை அதில் மாட்டி பம்பை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். பம்ப் காய்ந்து ஓடவே கூடாது, அதன் பேரிங்குக்கு உள்ளே இருக்கும் தண்ணீர்தான் வழுக்கல், எனவே ரிசர்வாயர், அதாவது தண்ணீர்த் தொட்டி, பம்புக்கு மேலே இருக்கட்டும்.

எதை முதலில் இணைப்பது, பிராசஸரா கிராபிக்ஸ் கார்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம் வரும். மே மாதச் சென்னையில் அறை 36 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. அதற்காக ரிசர்வாயரில் ஐஸ் போட்டால் பிளாக்கிலும் குழாயிலும் வெளியே வியர்த்து, அந்த ஈரம் போர்டில் இறங்கும்.

இன்னொன்று, சுற்றின் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் கூலன்ட் மாற்ற கேபினட்டையே பாத்ரூமுக்குத் தூக்கிப்போய் கவிழ்க்க வேண்டியிருக்கும்.