கிம்ச்சி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொரிய உணவு என்றாலே சிவக்கச் சிவக்க மிளகாய்க் காரம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் கொரியாவில் மிளகாயே கிடையாது. நம் சமையலறைக்கும் அது போர்த்துகீசியர் வழியாக வந்ததுதான். கிம்ச்சி என்பது காய்கறிகளை உப்பிட்டு நொதிக்கவைத்துச் செய்யும் கொரிய ஊறுகாய். அதில் மிளகாய்த்தூள் சேராத வெள்ளைக் கிம்ச்சியும், முள்ளங்கியை உப்புநீரில் ஊறவைக்கும் தொங்ச்சிமியும் இன்றும் கொரிய வீடுகளில் உண்ணப்படுகின்றன.

காய்கறியால் செய்யப்படுவதால் கிம்ச்சி சைவம் என்று நம்புவதுதான் பெரிய தவறு. பெரும்பாலான வகைகளில் உப்பிட்டு ஊறவைத்த சிறு இறாலோ நெத்திலிச் சாறோ சேர்ப்பது வழக்கம் என்பதால், சைவ உணவினர் பாட்டிலின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்த பிறகே வாங்க வேண்டும். கொரியப் பௌத்த மடங்களில் மீனும் பூண்டும் வெங்காயமும் இல்லாமலே கிம்ச்சி செய்கிறார்கள்.

உறை உப்பியிருந்தாலோ, கிம்ச்சி நன்கு புளித்திருந்தாலோ கெட்டுவிட்டது என்று உடனே எறிந்துவிட வேண்டாம். நொதித்தலில் வாயு உண்டாவது இயல்பு. திறக்கும்போது சாறு பொங்கி வழியக்கூடும் என்பதால் கழுவுதொட்டியின் மேல் வைத்துத் திறப்பது நல்லது. நன்கு புளித்த கிம்ச்சியைத்தான் கொரியர்கள் கிம்ச்சி சிகே என்னும் குழம்புக்குத் தேடி எடுக்கிறார்கள். பூஞ்சை படர்ந்திருந்தாலோ அழுகல் வாடை வீசினாலோ மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.