சிம்மத்தின் மூன்று கேலக்சிகள்: நம்ம ஊரில் இருந்து படம் எடுப்பது எப்படி

கேலக்சி படம் எடுக்க ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் தேடுவது ஆண்ட்ரோமீடாவைத்தான். பெரியது, வெளிச்சமானது, சரி. ஆனால் அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது அக்டோபரில், தமிழ்நாட்டில் அப்போது வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்துவிடும். மேகம் கலைந்து டிசம்பர் கடைசி ஆகும்போது முன்னிரவில் சில மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் என் யோசனை, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வரும் அமாவாசை இரவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு சிம்ம ராசியில் இருக்கும் லியோ டிரிப்லெட் என்ற கேலக்சிக் கூட்டத்தில் தொடங்குங்கள். எம் 65, எம் 66, என்ஜிசி 3628 என்று மூன்று கேலக்சிகள், சுமார் மூன்றரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில், ஒரே ஃபிரேமில் அடங்கும். வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டை அப்படியே வானத்துக்கு நீட்டிய கோடு) 13 பாகை வடக்கே இருக்கின்றன. சென்னையின் அட்சரேகையும் 13தான் என்பதால் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே போகும். லண்டனில் இருப்பவருக்கு இவை 52 பாகை உயரத்தைக்கூடத் தொடாது. நமக்கு இது பெரிய வரம், காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாகப் பார்க்கிறோம்.

தேடுவது சுலபம். மகம் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிழக்கே பூரத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்கு வாருங்கள். அதில் தெற்கே இருக்கும் நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தென்கிழக்கே கேமராவைத் திருப்பி 30 விநாடி சோதனைப் படம் எடுத்தால் மங்கலான மூன்று தீற்றல்கள் தெரியும்.

கருவி என்று பார்த்தால், ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், 300 மிமீ அளவில் ஒரு லென்ஸ் அல்லது சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி), அப்புறம் ஒரு ஸ்டார் டிராக்கர், அதாவது வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி. டிராக்கர் இல்லாமல் இதை முயலாதீர்கள். வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க்விநாடி (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க்விநாடி) நகர்கிறது, 300 மிமீயில் ஒரே விநாடியில் நட்சத்திரம் கோடாகிவிடும். லைட் பொல்யூஷன் ஃபில்டருக்குச் செலவு செய்யவும் வேண்டாம், கேலக்சியின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் நெபுலாவுக்கு (வாயு மேகத்துக்கு) உதவும், சில நிறங்களை மட்டும் விடும் நேரோபேண்ட் ஃபில்டர் இங்கே பெரிதாக எதுவும் செய்யாது. அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டு ஜவ்வாது மலைப் பக்கம் போகலாம். அங்கே காவலூர் ஆய்வகத்தில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை வைத்தது சும்மா இல்லை. அங்கே போனால் ஆய்வகத்தை விட்டுத் தள்ளியே நில்லுங்கள், ஹெட்லைட்டையும் டார்ச்சையும் அடிக்காதீர்கள், காட்டுப் பகுதி என்றால் வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் உண்மையான சிக்கல் போலார் அலைன்மென்ட்தான், அதாவது டிராக்கரின் சுழலும் அச்சை வானத்தின் வட துருவத்தை நோக்கி நிறுத்துவது. துருவ நட்சத்திரம் சென்னையில் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும், கன்னியாகுமரியில் வெறும் 8. ஒரு தென்னை மரமோ அடிவானத் தூசியோ போதும், மறைந்துவிடும். அது தெரிகிற மாதிரி வடக்கே திறந்த இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். தெரியவே இல்லையென்றால் டிரிஃப்ட் முறைக்குப் போங்கள்: அச்சின் உயரத்தைப் போனின் சாய்வுமானியை வைத்து உங்கள் அட்சரேகைக்குச் சரிசெய்து, உச்சிக்கோட்டுக்கும் (வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் போகும் கோடு) வான நடுக்கோட்டுக்கும் அருகில் உள்ள ஒரு நட்சத்திரத்தைச் சில நிமிடம் கவனியுங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு அதிகமாகக் கிழக்கே பார்க்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே பார்க்கிறது. பிறகு கிழக்கு வானில் தாழ்வாக ஒரு நட்சத்திரம்: தெற்கே போனால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே போனால் உயர்ந்திருக்கிறது. அரைமணி நேரம் பிடிக்கும், ஆனால் இதில் அவசரப்பட்டால் அந்த இரவு முழுக்க வீண்.

ஃபோகஸுக்கு மகத்தையே பயன்படுத்துங்கள், லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று காட்ட லென்ஸ் முன் மாட்டும் கோடு கோடான மூடி) போட்டு. ரா ஃபைல், ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, எஃப் 4 அல்லது 5.6, 30 முதல் 60 விநாடி. ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்தை விட்டு விலகி நின்றால் போதும். கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரத்தை அதுவே தின்றுவிடும். இப்படிப் பல படங்களை எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கப் போகிறோம், அதனால் சில படங்களுக்கு ஒருமுறை ஃபிரேமைத் துளி நகர்த்துங்கள். மொத்த நேரம் இரண்டு மணிக்குக் குறையக் கூடாது. நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் நாய்ஸ் பாதியாகும், இதற்குக் குறுக்கு வழியே கிடையாது.

நம் வெப்பத்தில் சென்சார் சூடாகவே இருக்கும், ஆகவே சென்சாரின் நாய்ஸைக் கழிக்க உதவும் டார்க் படங்களை அதே இடத்தில், அதே இரவில், மூடியைப் போட்டு எடுங்கள். ஓரம் இருள்வதையும் தூசிப் புள்ளிகளையும் சரிசெய்யும் ஃபிளாட் படத்துக்கு லென்ஸ் மேல் வெள்ளை வேட்டியை மடித்துப் போட்டு விடியல் வானத்தை நோக்கினால் போதும், ஃபோகஸை மட்டும் தொடவே கூடாது. சென்சாரின் அடிப்படை அளவைக் காட்டும் பயாஸ் படங்கள், மூடியைப் போட்டு மிகக் குறைந்த ஷட்டரில். பனி இறங்கும் இரவுகளில் லென்ஸைச் சுற்றி யூஎஸ்பி ஹீட்டர் பட்டை கட்டாயம்.

ப்ராசஸிங்குக்கு சிரில் என்ற மென்பொருள் போதும், இலவசம். அதன் ஸ்கிரிப்ட், லைட் (கேலக்சியை எடுத்த படங்கள்), டார்க், ஃபிளாட், பயாஸ் என்று நான்கு ஃபோல்டர்களைக் கேட்கும், மீதியைத் தானே செய்துவிடும். சாட்டிலைட் கோடுகளும் ஸ்டாக்கிங்கில் (படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பதில்) கழிந்துவிடும். வெளிவரும் படம் முழுக் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது இன்னும் லீனியர் நிலையில், அதாவது வெளிச்சத்தைக் கூட்டாத மூல நிலையில் இருக்கிறது. ஓரங்களை வெட்டி, பின்னணியின் ஏற்ற இறக்கத்தை கிராக்ஸ்பெர்ட் என்ற மென்பொருளில் சமன் செய்து, நட்சத்திர அட்டவணையை வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். இந்த வேலைகள் எல்லாம் ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு, அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கிக் காட்டுவதற்கு முன்னால்.

ஸ்ட்ரெட்சில்தான் பல நல்ல படங்கள் கெட்டுப் போகின்றன. ஒரே இழுப்பில் இழுக்காமல் சின்னச் சின்னதாக நான்கைந்து முறை செய்யுங்கள். எம் 66-இன் நடுப்பகுதி வெளுத்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பின்னணியை மைக் கறுப்பாக்காதீர்கள், அடர் சாம்பலாகவே விடுங்கள், கேலக்சியின் வெளி ஓரங்கள் அந்தச் சாம்பலுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. என்ஜிசி 3628-இன் குறுக்கே ஓடும் தூசிப் பட்டை தெளிவாக வந்துவிட்டால் அங்கே நிறுத்தலாம். அதற்கு மேல் ஷார்ப்பன் செய்தால் வானத்தில் இல்லாத அமைப்புகள் படத்தில் முளைக்கும், அது நமக்கு வேண்டாம்.

ஸ்டாக் செய்த 32 பிட் ஃபைலையும் மூல ரா படங்களையும் அழிக்காமல் வையுங்கள். அடுத்த அமாவாசையில் அதே ஃபிரேமிங்கில் இன்னும் இரண்டு மணி நேரம் எடுத்து இதோடு சேர்க்கலாம், அந்த இரவுக்கான ஃபிளாட்டைத் தனியாக எடுத்து அந்தப் படங்களுக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும்.