புது ஆபீஸ் போடப் போறீங்களா? சேர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆபீஸ் டிசைன்னு சொன்னாலே எல்லாரும் முதல்ல தேடுறது ஃபர்னிச்சர் போட்டோவைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். முதல்ல பண்ணின ஆபீஸ்ல கண்ணாடி மீட்டிங் ரூம், பீன் பேக், சுவத்துக்கு சுவர் கலர்னு அசத்தி போட்டோவும் எடுத்துட்டு வந்துட்டேன், மூணு மாசம் கழிச்சு எட்டிப் பாத்தா ஏசி வென்ட்ல அட்டையை வெட்டி டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க, ஜன்னல் ஓரம் உக்காந்தவரு மானிட்டர் மேல ஃபைல் அட்டையை கூரை மாதிரி சொருகியிருக்காரு. அன்னைலேர்ந்து நான் வேலை பாக்குற வரிசையே மாறிப்போச்சு: சத்தம், வெளிச்சம், காத்து, அப்புறம்தான் ஃபர்னிச்சர்.

ஸ்டெப் 1: ஒரு நாள் சும்மா உக்காருங்க

இப்ப இருக்குற ஆபீஸ்லயே ஒரு மூலையில உக்காந்து யாரு அடிக்கடி போன் பேசுறாங்க, யாரு ஹெட்போனை கழட்டாம இருக்காங்கன்னு குறிச்சு வைங்க. லேஅவுட் போடும்போது இந்தப் பேப்பர்தான் கைகொடுக்கும்.

ஸ்டெப் 2: சத்தம்

தடுப்பை எல்லாம் எடுத்துட்டா ஜனங்க நல்லா கலந்து பேசுவாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 2018ல பெர்ன்ஸ்டீன், டர்பன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், தடுப்பில்லாத ஓப்பன் ஆபீஸுக்கு மாறின ரெண்டு கம்பெனியை அளந்து பாத்தாங்க, நேருக்கு நேர் பேசுறது சுமார் 70% குறைஞ்சுபோச்சு, ஈமெயில் ஏறிடுச்சு. எல்லார் கண்ணு முன்னாடியும் உக்காந்திருந்தா யாருக்குத்தான் வாய் வரும்!

ரூம் நடுவுல நின்னு பலமா ஒரு தடவை கை தட்டுங்க. சத்தம் டக்குனு அடங்காம இழுத்துச்சுன்னா எக்கோ ஜாஸ்தி. கண்ணாடி, டைல்ஸ், வெறும் சுவர் எல்லாம் சத்தத்தை திருப்பி அடிக்கும், கார்பெட், துணி, சீலிங்ல அக்கூஸ்டிக் டைல் இதெல்லாம் உறிஞ்சும். பட்ஜெட் கம்மின்னா சீலிங்கை மட்டும் கவனிங்க, அவ்ளோ பெரிய காலி இடம் வேற எங்கயும் கிடைக்காது.

அப்புறம் போன் பேசுறவங்களை ஒரு கோடியில, அமைதி வேணும்றவங்களை மறு கோடியில போட்டு நடுவுல அலமாரி, மீட்டிங் ரூம்னு வந்துட்டா பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. போனுக்குன்னு குட்டி ரூம் கட்டினா உள்ள காத்து போக ஃபேன் வைக்க மறந்துடாதீங்க, பத்து நிமிஷத்துல வேர்த்து வெளிய ஓடி வந்துடுவாங்க.

ஸ்டெப் 3: வெளிச்சம்

ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி இருந்தா ஸ்க்ரீன்ல பளபளக்கும், ஸ்க்ரீனுக்குப் பின்னாடி இருந்தா கண்ணு கூசும். அதனால ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி டெஸ்க்கை திருப்புங்க. நான் சொன்ன ஃபைல் அட்டைக்காரருக்கு டெஸ்க்கை 90 டிகிரி திருப்பி போட்டேன், செலவே இல்ல. படிக்கிற எழுதுற இடத்துல 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) வரணும், போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு குத்துமதிப்பா பாத்துக்கலாம். லைட்டோட நிறத்தை கெல்வின்ல சொல்வாங்க, 4000 கெல்வின் வாங்கினா ரொம்ப மஞ்சளும் இல்லாம ரொம்ப நீலமும் இல்லாம இருக்கும்.

ஸ்டெப் 4: காத்து

இதைத்தான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுறாங்க. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, இருக்குற காத்தையே திரும்பத் திரும்ப குளிர வைக்கும். வெளிய கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) சொச்சம்னா, கதவு சாத்தின மீட்டிங் ரூம்ல எட்டு பேர் உக்காந்தா 1000ஐ சீக்கிரமே தாண்டிடும், கொட்டாவி வந்தா பேசுறவரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஜன்னலைத் திறங்க, முடியலைன்னா ஃப்ரெஷ் ஏர் ஃபேன் போடுங்க. தொட்டிச் செடி அழகுக்கு தாராளமா வைங்க, ஆனா ரெண்டு மூணு தொட்டி ஆபீஸ் காத்தை சுத்தம் பண்ணாது. வென்டுக்கு நேர் கீழ யாரையும் உக்கார வைக்காதீங்க.

ஸ்டெப் 5: டெஸ்க், சேர்

பாதம் தரையில படியணும், முழங்கை 90 டிகிரி, ஸ்க்ரீனோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துல, ஒரு கை தூரத்துல. லேப்டாப்னா ஸ்டாண்டும் தனி கீபோர்டும் கட்டாயம். உயரம் ஏத்தி இறக்குற டெஸ்க் எல்லாருக்கும் வேணும்னு இல்ல, பிரிண்டரை தள்ளி வெச்சாலே எந்திரிச்சு நடப்பாங்க.

ஸ்டெப் 6: தரையில டேப்

ஆர்டர் கொடுக்குறதுக்கு முன்னாடி டெஸ்க் சைஸுக்கு தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பழைய சேரை பின்னாடி தள்ளி உக்காந்துக்கிட்டு இன்னொருத்தரை பின்னால நடக்கச் சொல்லுங்க. இடிச்சாருன்னா டேப்பை உரிச்சு தள்ளி ஒட்டுங்க. பிளக் பாயிண்ட் எங்க வரணும்னும் அப்பவே தெரிஞ்சுடும்.

பட்ஜெட்ல கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வைங்க. எல்லாரும் குடி வந்து ஒரு மாசம் ஆனப்புறம் ஒரு ரவுண்டு போய் எங்கெங்க அட்டை சொருகியிருக்கு, எங்க துணி தொங்குதுன்னு பாருங்க, அந்தக் காசு அங்கதான் போகும்.