சப்பென்று போன த்ராஷ் ஆல்பத்தைக் கேட்பது எப்படி

யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு த்ராஷ் மெட்டல் (அதிவேகமான, முரட்டு ராக் இசை) குழு. ஆல்பத்துக்கு முன் மாதிரிக்காகப் பதிவு செய்த மூன்று பாடல் டெமோவைக் கேட்டுவிட்டு, "இவங்க எங்கேயோ போகப் போறாங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அப்புறம் முழு ஆல்பம் வருகிறது. நான்காவது பாடலிலேயே கை தானாக அடுத்ததற்குத் தாவுகிறது.

என்னிடம் இப்படிப்பட்ட ஆல்பங்கள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. நான் ரிதம் கிட்டார் வாசிக்கிறவன், அதனால் எங்கே பிசகியது என்று நோண்டாமல் விட மனம் வராது. ஓர் ஆல்பம் முழுக்கவே மோசமாக இருப்பது அபூர்வம். ஒன்றிரண்டு இடங்களில் கெட்டுப்போய் மீதியையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கும். அந்த இடத்தைத் தேடும் வழியைத்தான் சொல்லப் போகிறேன். உதாரணத்துக்கு அண்மையில் என்னை ஏமாற்றிய ஒன்று: 11 பாடல்கள், 58 நிமிடம். பெயர் வேண்டாம், சின்னக் குழு.

முதல் வேலை, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்ப்பது. புது ஆல்பம் என்றால் இதைத் தாண்டிவிடலாம். எண்பதுகளில் வந்ததன் மறுவெளியீடு என்றால் கட்டாயம் பாருங்கள். மெகாடெத்தின் 'ரஸ்ட் இன் பீஸ்' 1990-இல் வந்தது. 2004-இல் அதை மறுபடி மிக்ஸ் செய்தபோது, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் மறுபடி கலந்தபோது, சில இடங்களில் பாடகர் டேவ் மஸ்டேன் குரலையே புதிதாகப் பாடிச் சேர்த்தார். இரண்டையும் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். நீங்கள் திட்டிக்கொண்டிருப்பது குழுவின் வேலையை அல்ல, பிற்பாடு யாரோ செய்த மாஸ்டரிங்கை (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்யும் வேலை) என்பதும் நடக்கக்கூடியதுதான்.

அடுத்து, ஒலியைக் குறையுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற அளவுக்கு. த்ராஷை இப்படிக் கேட்பது பாவம் என்று தோன்றும், ஆனால் இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. நல்ல மிக்ஸ் என்றால் இந்த அளவிலும் ஸ்னேர் டிரம்மின் 'படார்' அடி தனியாக விழும், கிட்டாரின் பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிப்பது) வெட்டு வெட்டாகக் கேட்கும். என் கையில் இருந்த ஆல்பத்தில் கிட்டார் வெறும் இரைச்சலாகிவிட்டது. காரணம் பழகிய ஒன்றுதான்: ஆம்பில், அதாவது கிட்டார் ஒலிபெருக்கியில், நடு அலைவரிசையைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கீழ் அலைவரிசையையும் மேல் அலைவரிசையையும் ஏற்றியிருக்கிறார்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது அந்த ஒலி மலை மாதிரி நிற்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். டெமோவில் இந்தக் குறை இல்லை. மலிவான கருவியில் பதிவு செய்ததாலோ என்னவோ, நடு அலைவரிசை தப்பிப் பிழைத்திருந்தது.

எல்லாவற்றையும் உச்ச ஒலியில் நசுக்கி வைத்திருந்தாலும் காது சீக்கிரம் களைத்துவிடும். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' 2008-இல் வந்தபோது இதற்காகவே ஒரு சண்டை நடந்தது. கிட்டார் ஹீரோ விளையாட்டுக்காகக் கொடுத்த அதே பாடல்கள் சிடியைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். பாடல் அதே, வாசித்தவர்களும் அதே ஆட்கள்.

இப்போது டிரம்ஸை மட்டும் கேளுங்கள். மற்ற எதையும் கவனிக்கக் கூடாது. த்ராஷை ஓட்டுவது கிட்டார் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஓட்டுவது டிரம்ஸ். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் மாறி மாறி விழும் அந்த வேகத் தாளம் எத்தனை நேரம் மாறாமல் போகிறது, எங்கே பாதி வேகத்துக்கு இறங்குகிறது, இறங்கும் முன் டிரம்மர் ஏதாவது சைகை காட்டுகிறாரா என்று பாருங்கள். ஸ்லேயர் குழுவில் டேவ் லொம்பார்டோ வாசித்ததைக் கேட்டால், வேகம் மாறும் ஒவ்வொரு முனையிலும் அவர் ஒரு சின்ன உருட்டலால் உங்களைத் தள்ளிவிடுவது தெரியும். நான் சொல்லும் ஆல்பத்தில் ஒவ்வொரு ஸ்னேர் அடியும் ஒரே பலத்தில், ஒரே ஒலியில் விழுகிறது. கணினியில் முன்பே பதிவான ஒரே அடியின் சாம்பிளை ஒட்டி, தாளத்தைக் கட்டத்துக்குள் நேர்படுத்தியிருக்கிறார்கள். விளைவு, தையல் மிஷின். அதே டிரம்மர் டெமோவில் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடுவார், குழு பின்னாலேயே துரத்தும். அந்தத் துரத்தலுக்காகத்தான் நமக்குப் பிடித்திருந்தது.

பேஸ் கேட்கவில்லை என்பதைப் பெரிய குற்றமாக எழுத வேண்டாம். மெட்டாலிக்காவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' 1988-இல் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டத்தட்ட இல்லாமலேயே வந்தது, இன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். குரலும் அப்படித்தான், த்ராஷில் சுமாரான குரல் ஆல்பத்தைக் கொன்றதாக எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

ரிஃப்தான், அதாவது பாடலில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிதான், கொல்லும். பாடலைப் பாதியில் நிறுத்துங்கள். சற்று முன் கேட்ட ரிஃப்பை வாயால் முணுமுணுக்க முடிகிறதா? முடிந்தால், அதற்கு முந்தைய ரிஃப்? பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். கிட்டார் வாசிக்கத் தெரிந்தால் கையில் எடுத்து வாசித்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். எனக்கு அகப்பட்டது இது: இரண்டாவது பாடலிலிருந்து ஏழாவது வரை எல்லா ரிஃப்பும் தடித்த ஈ தந்தியைத் திறந்தபடி பாம் மியூட்டில் தட்டிக்கொண்டு, கிட்டார் கழுத்தில் அடுத்தடுத்த கட்டங்களில் மேலேறி, மறுபடி அதே ஈ-யில் வந்து விழுகிறது. வேகமும் ஏறக்குறைய ஒன்றே. தனித்தனியாக எடுத்தால் எதுவும் மோசமில்லை. வரிசையாக வரும்போது காது புளித்துவிடுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். டார்க் ஏஞ்சலின் 'டைம் டஸ் நாட் ஹீல்' 1991-இல் வந்தபோது, 9 பாடல்கள், 67 நிமிடம், 246 ரிஃப் என்று அட்டையிலேயே ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். எனக்கு அந்த ஆல்பத்தைவிட, 1986-இல் அவர்கள் அடித்து நொறுக்கிய 'டார்க்னெஸ் டிசெண்ட்ஸ்'தான் பிடிக்கும். ஒரு ரிஃப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் மூட்டு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. திடீரென்று நிறுத்தி, ஒரு கணம் மௌனம், அப்புறம் புது ரிஃப் என்று பாடலுக்குப் பாடல் செய்தால் அது மூட்டே இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வேலை: கத்திரி போடுவது. எல்பி இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். அந்த நெருக்கடியே வேண்டாத பாடல்களைக் குழுவைக் கழிக்க வைத்தது. ஸ்லேயரின் 1986-இன் 'ரெய்ன் இன் ப்ளட்' மொத்தமே சுமார் 29 நிமிடம், 10 பாடல். கேசட்டில் இரண்டு பக்கமும் முழு ஆல்பத்தையே போட்டுக் கொடுத்தார்கள். பிறகு சிடி வந்து 74 நிமிடம் கிடைத்ததும் எதையும் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. (கழிவு வழியும் பச்சைப் பூதங்கள் கொண்ட அட்டைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறுபது நிமிடத்தைத் தாங்காது.)

ஆகவே ஒரு பிளேலிஸ்ட் திறந்து, 38 நிமிடத்துக்குள் என்று வரம்பு வைத்து, இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். மழைச் சத்தமும் மணியோசையும் வரும் முன்னுரையை முதலில் தூக்குங்கள். வேறு குழுவின் பாடலை மறுபடி வாசித்திருந்தால் அதையும். எடுத்த எடுப்பிலேயே ரிஃப்போடு பாயும் பாடலைத் தலையில் வையுங்கள். ஒரே வேகப் பாடல்கள் இரண்டுக்கு மேல் ஒட்டி வரக் கூடாது. நிதானமான பாடல் நன்றாக இருந்தால் முதல் பக்கத்தின் கடைசியில்.

என் ஆல்பத்தில் இப்படி ஏழு பாடல்கள் தேறின, 35 நிமிடம். ஒன்பதாவதாகப் புதைந்து கிடந்த பாடல் இப்போது முதலில் நிற்கிறது. அதன் நடுவில் இரண்டு கிட்டார்களும் மாறி மாறி எடுக்கும் சோலோவை முதல் தடவை கவனிக்கவே இல்லை, அதற்குள் களைத்திருந்தேன்.

மூன்று பாடலுக்கு மேல் தேறவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம். விமர்சனம் எழுதுவதாக இருந்தால் எந்தப் பாடல், எத்தனையாவது நிமிடம், என்ன குறை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். சின்னக் குழுவைக் கழுவி ஊற்றுவது சுலபம், படிக்கிறவர்களுக்கும் ஜாலி. "ஸ்னேர் சாம்பிளை எடுத்துவிடுங்கள், ஆம்பில் நடுவை ஏற்றுங்கள்" என்ற ஒரு வரி இருந்தால் அவர்கள் அடுத்த பதிவில் அதைச் செய்து பார்க்கலாம்.